வாசகர் வட்டத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றது 1924 ஜனவரியில். நூற்றாண்டு ஆயிற்றே என்று இந்த வருடக் கூட்டங்களை அவருக்கே ஒதுக்கினோம். நூலகர் தினமான ஆகஸ்ட் 12 வந்தால் அவர் படத்துக்கு மாலை போட்டு, நாலு வார்த்தை பேசிக் கலைவது நமக்கும் பழகிவிட்டது. இந்த முறை மனிதர் என்னதான் எழுதினார் என்று பார்த்துவிடுவோம் என்றார் தலைவர்.

முதல் கூட்டமே களைகட்டியது. காரணம், நூலகத் தந்தைக்கு நூலக வேலை பிடிக்கவில்லை என்ற சேதிதான். மாநிலக் கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர், ஆளரவமில்லாத நூலகத்தில் உட்கார முடியாமல் வந்த வேகத்திலேயே பழைய வேலையைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் கல்லூரிக்கே வந்துவிடலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். போய் வந்தவர் சுமார் 20 வருடம் அந்த நாற்காலியை விடவில்லை.

நூலக இயலின் ஐந்து விதிகளை அவர் 1931இல் நூலாக்கினார். அதை வெளியிட்டது 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கம். நம்மைப் போன்ற சங்கத்தார் இதைக் கவனிக்க வேண்டும். நூலகர் பயிற்சி வகுப்பையும் அந்தச் சங்கம்தான் 1929இல் முதலில் நடத்தியது. பல்கலைக்கழகம் பிறகுதான் எடுத்துக்கொண்டது. 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்ற முதல் விதியைப் படித்ததும், அப்படியானால் நம் கிளை நூலகத்தில் அந்தப் புத்தக பீரோ ஏன் எப்போதும் பூட்டியே கிடக்கிறது என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டார். சாவி தேடி எடுக்கப்பட்டது. இப்போது பீரோ திறந்திருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஆண்டின் சாதனை இதுதான்.

நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்க அவர் வகுத்த கோலன் பகுப்பு முறை பற்றிய கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தலை சுற்றியது. கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகு கொஞ்சம் தெளிந்தது. 'ஓ' என்ற ஆங்கில எழுத்து இலக்கியம், 31 தமிழ், அதன் பின் 1 என்றால் கவிதை, 2 நாடகம், 3 கதை. எல்லாப் பொருளுக்கும் முன்கூட்டியே எண் போட்டு வைக்காமல், சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்து வேண்டிய எண்ணை அமைத்துக்கொள்ளும் ஏற்பாடு. லண்டன் கடையொன்றில் துண்டுகளைப் பூட்டி வேண்டியதைச் செய்துகொள்ளும் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது தோன்றிய யோசனையாம். 1933இல் இது நூலாக வந்தது. மறு வருடமே நூல் அட்டவணை தயாரிப்பதற்கான விதித்தொகுப்பும் வந்தது.

பிறகு காசி, டெல்லி, உஜ்ஜயினி என்று பல்கலைக்கழகங்கள். 1962இல் பெங்களூரில் ஆவணமாக்க ஆராய்ச்சி மையம். 1965இல் தேசியப் பேராசிரியர் பதவி. சேமித்த பணத்தில் ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து நூலக இயலுக்குப் பேராசிரியர் இருக்கை ஏற்படுத்தினார்.

கடைசிக் கூட்டத்துக்கு உறுப்பினர் ஒருவர் வீட்டுச் சொத்துவரி ரசீதோடு வந்தார். அதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை. ரங்கநாதன் பல வருடம் விடாமல் முயன்றதன் பலனாக வந்த 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. தண்டப்படும் அந்த வரி நம் கிளைக்கு வந்துசேரும் வேகம் பற்றி எழுந்த காரசாரமான விவாதத்தை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். சரி, சேர்க்கவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் கிளம்பிவிட வேண்டாம். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்