வசூல் நோட்டீசும் அக்கோ ஆயரும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு ஓசூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. சின்னவன் அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறான். என் முழங்கால் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. நெட்டையன் வந்திருந்தான், வழக்கம்போல் நடுராத்திரியில் காபி கேட்டான். சேதி போதுமா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "சிலுவைப்போர்க் காலத்துப் பாதிரிகள் எழுதினதெல்லாம் வசூல் நோட்டீசு. ஆள் அனுப்பு, பணம் அனுப்பு. வேறென்ன இருக்கு அதில?" வாத்தியார் இருந்திருந்தால் உன்னை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். அவர் இல்லாததால் அந்த வேலை எனக்கு வந்திருக்கிறது.

பாதி சரிதான், மறுக்கவில்லை. ஜெருசலேமை முஸ்லிம்களிடமிருந்து பிடிக்கக் கிளம்பிய முதல் படையின் தளபதிகள் 1098 செப்டம்பரில் அந்தியோக்கியாவிலிருந்து பாப்பரசர் இரண்டாம் உர்பனுக்கு எழுதியதில், நீங்களே இங்கே வந்து சேருங்கள் என்றுதான் கெஞ்சுகிறார்கள். 1144 டிசம்பரில் சிலுவைப்போர்க்காரர் வசமிருந்த எதெஸ்ஸா நகரம் முஸ்லிம் ஆட்சியாளன் ஸெங்கியின் கையில் போனது. மறு வருஷம் நவம்பரில் ஜபலா ஆயர் ஹியூ இத்தாலிக்குப் போய், வித்தெர்போவில் பாப்பரசரின் முன்னால் நின்று உதவி கேட்கிறார். 1185-இல் ஜெருசலேம் திருச்சபையின் தலைவரான பேட்ரியார்க் ஹெராக்ளியுஸ் நகரத்துச் சாவிகளையே தூக்கிக்கொண்டு இங்கிலாந்து வரைக்கும் போய் இரண்டாம் ஹென்றியிடம் நீட்டினார். ஹென்றி மரியாதையாகக் கைவிரித்துவிட்டான். இரண்டே வருஷத்தில் ஜெருசலேம் சுல்தான் சலாவுதீன் வசமாகிவிட்டது. உன் பேச்சுக்கு இந்த அளவு ஆதாரம் போதும். இப்போது என் பேச்சைக் கேள்.

ஜாக் தெ வித்ரி என்று ஒருவர். பாரிஸில் படித்தவர், பிரசங்கத்தில் பெரிய கெட்டிக்காரர். 1216-இல் அக்கோவுக்கு ஆயராக்கினார்கள். ஜெருசலேம் போனபின் சிலுவைப்போர் ராஜ்யத்தின் தலைநகர் அந்தத் துறைமுகம்தான். அங்கே போகும் வழியிலும், போன பிறகும், எகிப்தின் டாமியெட்டாவை முற்றுகையிட்ட பாளையத்திலிருந்தும் இவர் ஊர் நண்பர்களுக்கும், பாரிஸ் ஆசிரியர்களுக்கும், தெரிந்த கன்னியாஸ்திரீகளுக்கும், பாப்பரசருக்கும் எழுதிய சில கடிதங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. சில நாளாக ராத்திரி விளக்கை அணைக்கவிடாமல் செய்வது இந்த ஆள்தான். வீட்டில் உன் மேல்தான் கோபம், நீதானே கிளப்பிவிட்டாய்.

முதல் கடிதம் ஜெனோவாவிலிருந்து. லொம்பார்தியில் ஆற்றைக் கடக்கும்போது புத்தகப் பெட்டியை வெள்ளம் கொண்டுபோகிறது. மற்றொரு பெட்டியில் அவர் தாயாக நினைத்த, புண்ணியவதியாக வாழ்ந்து மறைந்த மரி தெ ஒய்ஞி அம்மாளின் விரல் எலும்பு இருந்தது. கோவேறு கழுதை மூழ்காமல் கரையேறியது அந்தப் பெட்டியின் மகிமையால்தானாம். அடித்துப்போன பெட்டியும் பின்னால் மரங்களில் சிக்கிக் கிடைத்துவிட்டது. எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனால் படிக்கலாம் என்று மறக்காமல் எழுதுகிறார். புத்தகம் நனைந்த துக்கம் உனக்குப் புரியும்.

பாப்பரசர் தங்கியிருந்த பெருஜியா போய்ச் சேர்ந்தால், மூன்றாம் இன்னொசென்ட் இறந்துபோயிருக்கிறார், இன்னும் அடக்கம் ஆகவில்லை. ஐரோப்பாவையே ஆட்டிவைத்த பாப்பரசர். அவர் உடம்பில் இருந்த விலையுயர்ந்த உடைகளை ராத்திரியோடு ராத்திரியாகத் திருடர்கள் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். கிட்டத்தட்ட நிர்வாணமாக, நாற்றமெடுத்து, கோயிலுக்குள் கிடந்ததை உள்ளே போய்த் தன் கண்ணால் பார்த்ததாக எழுதுகிறார். அங்கே பாப்பரசரின் சபைக்காரர்கள் எந்நேரமும் வழக்கு வியாஜ்ஜியத்திலேயே இருந்தார்களாம், ஆன்மிகத்தைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை என்று ஒரே புலம்பல். ஆறுதலாக இருந்தது எளிய சகோதரர்கள் என்று புதிதாகக் கிளம்பியிருந்த ஒரு கூட்டம் மட்டும். அசிசி பிரான்சிஸின் ஆட்கள்தான். அந்தச் சபைக்கு வெளியே இருந்து அவர்களைப் பற்றி எழுதிய முதல் சாட்சிகளில் இவர் ஒருவர்.

ஜெனோவாவில் இன்னும் வேடிக்கை. அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்குப் போகும்போது வெளியூர்க்காரரின் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு போவது வழக்கமாம். இவருடைய குதிரைகளும் போயின. ஆண்கள் சண்டைக்குப் போன நேரத்தில் இவர் பெண்களுக்குப் பிரசங்கம் செய்து சிலுவை ஏற்கவைத்துவிட்டார், அதாவது சிலுவைப்போருக்குச் சபதம் எடுக்கவைத்துவிட்டார். அவர்கள் என் குதிரைகளை எடுத்துக்கொண்டார்கள், நான் அவர்கள் மனைவிமாருக்குச் சிலுவை போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். வசூல் நோட்டீசில் இந்த மாதிரி வரி வருமா, சொல்? அப்புறம் கப்பல். படிக்கவும் சாப்பிடவும் ஓர் இடம், தூங்க ஓர் அறை, துணிக்கும் வாரச் சாப்பாட்டுக்கும் ஓர் அறை, வேலைக்காரர்களுக்கு ஒன்று, குதிரைகளுக்கு ஒன்று, கீழே மூன்று மாதத்துக்கு மதுவும் பிஸ்கோத்தும் இறைச்சியும். எதை எங்கே வாடகைக்கு எடுத்தார் என்று வரிசையாகச் சொல்கிறார்.

அக்கோவில் இறங்கியதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஒன்பது தலை உள்ள ராட்சசப் பிராணி, ஒவ்வொரு தலையும் மற்றதைக் கடிக்கிறது என்கிறார் தன் ஊரைப் பற்றி. ஜெனோவா, பிசா, வெனிஸ் வியாபாரிகள் ஆயருக்குக் கட்டுப்படவே மாட்டார்கள். அவர்களுக்குத் தனிக் குருக்கள், தனிச் சலுகை. சிரியக் கிறிஸ்தவர், யாக்கோபியர், நெஸ்தோரியர், ஆர்மீனியர், ஜார்ஜியர் என்று ஆளாளுக்கு ஒரு சபை, ஒரு வழக்கம். யாக்கோபியர் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் சாம்பிராணி போட்டுக் கடவுளிடமே சொல்லிவிடுகிறார்கள் என்று இவருக்குப் பெரிய வருத்தம். கோட்டயத்தில் உன் வீட்டு ஓனர் யாக்கோபாயக்காரர்தானே? அவரிடம் காட்டிவிடாதே, வாடகையை ஏற்றிவிடுவார்.

ஊரில் இரவும் பகலும் கொலை. விஷம் கிடைப்பது சுலபம். குருக்களே தங்கள் வீடுகளை விலைமாதருக்கு அதிக வாடகைக்கு விடுகிறார்கள். தன் ஆட்கள் செய்வதை எதையும் மூடி மறைக்கவில்லை மனுஷன். மேற்கே இருக்கிறவர்கள் இதைப் படித்தால் பணம் அனுப்புவார்களா, மாட்டார்களா என்ற கணக்கே அந்த இடத்தில் இல்லை. விடியற்காலைப் பூசை முடிந்ததும் பாவிகள் வருகிறார்கள், மத்தியானம் வரை. சாப்பாடு இறங்குவதில்லை. அப்புறம் நோயாளிகள், அப்புறம் விதவைகளும் அனாதைகளும் தங்கள் வழக்குகளோடு. படிக்க நேரமே இல்லை என்று பாரிஸ் நண்பர்களிடம் அழுகிறார். எனக்கு அந்த இடத்தில் ஆள் ரொம்பப் பிடித்துவிட்டது.

இனிமேல்தான் தொந்தரவு. நீ பாட்டுக்கு வசூல் என்று எழுதிவிட்டாய், எனக்கு அதைவிட மோசமான கேள்வி வந்து மாட்டியிருக்கிறது.

1218-இல் சிலுவைப்படை நைல் முகத்தில் டாமியெட்டாவை வளைத்தது. எகிப்தை முறித்தால் ஜெருசலேம் தானாக வரும் என்ற கணக்கு. ஜாக்கும் கூடப் போனார். சுல்தான் அல்-காமில் ஒரு கட்டத்தில் இறங்கிவந்தான். டாமியெட்டாவை விட்டுப் போங்கள், ஜோர்தானுக்கு அப்பாலுள்ள கோட்டைகள் நீங்கலாக ஜெருசலேமைத் திருப்பித் தருகிறேன் என்றான். ஜெருசலேம் மன்னன் பிரியேன் ஜான் வாங்கிக்கொள்ளலாம் என்றான். பாப்பரசரின் தூதர் பெலாகியுஸும், டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் என்ற போர்த்துறவிச் சபைக்காரர்களும், இத்தாலியர்களும் கூடாது என்றார்கள். கூடாது என்பதே ஜெயித்தது. 1219 நவம்பர் 5-இல் நகரம் விழுந்தது. ஒன்றரை வருஷ முற்றுகையில் பசியாலும் நோயாலும் செத்தவர்களின் பிணங்கள் வீடுகளிலும் தெருக்களிலும் கிடந்தன.

அதற்கடுத்த வருஷம் ஜாக் எழுதிய கடிதத்தில் இரண்டு விஷயம். ஒன்று சிரிப்பாணி. பிரான்சிஸ் நேரிலேயே பாளையத்துக்கு வந்துவிட்டார், எதிரி முகாமுக்கே நடந்துபோய்ச் சுல்தானிடம் பிரசங்கம் செய்துவிட்டுத் திரும்பினார். அவரை வாயாரப் புகழ்கிற ஜாக், அடுத்த மூச்சிலேயே புலம்புகிறார். கொலின் என்ற இங்கிலாந்துக்காரக் குமாஸ்தா அந்தச் சபையில் சேர்ந்துவிட்டான், இன்னும் சிலரும் போய்விட்டார்கள், மிச்சமிருக்கிற பாடகரையும் மற்றவர்களையும் பிடித்துவைப்பதற்குள் உயிர் போகிறது என்று. புனிதர் வந்து ஆபீஸையே காலிசெய்துவிட்டார், பாவம்.

இரண்டாவது, நகரத்துக்குள் மிஞ்சியிருந்த சிறு குழந்தைகள். பெரும்பாடுபட்டு, செலவு செய்து அவர்களைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறார். ஞானஸ்நானம் கொடுக்கிறார். ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் அதற்குப்பின் ஆண்டவரிடம் போய்விட்டார்கள் என்று எழுதுகிறார். பிழைத்தவர்களில் சிலரை வளர்க்கவும் படிக்கவைக்கவும் நண்பர்களிடம் ஒப்படைத்தாராம். ஐந்நூறு குழந்தைகள், மாப்ளே. அவர்களை அந்தக் கதிக்குக் கொண்டுவந்தது இவர் கூட நின்ற படைதான். அந்தச் சாவை ஓர் அறுவடையாக எழுதுகிறார், நடுக்கமே இல்லை. குதிரையை எடுத்தார்கள், மனைவிமாருக்குச் சிலுவை போட்டேன் என்று நம்மைச் சிரிக்கவைத்த அதே கை. அவரை அரக்கன் என்று ஒதுக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் ஊரே கைவிட்ட குழந்தைகளைத் தேடி எடுத்துக் காசு செலவழித்ததும் அவர்தான். இதை எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

1221 ஏப்ரலில் இன்னொரு கடிதம். தாவீது என்று ஒரு கிறிஸ்தவ மகாராஜா, இந்தியாவின் ராஜா (நம்மை யாரும் கேட்கவில்லை), முஸ்லிம் அரசுகளை ஒவ்வொன்றாக நொறுக்கிக்கொண்டு கிழக்கிலிருந்து வருகிறான் என்று. மிளகும் வாசனைத் திரவியமும் ரத்தினமும் கொண்டுவரும் வியாபாரிகள் சொன்னார்கள். எகிப்தியர் பிடித்து பாக்தாத் கலீபாவுக்கு அனுப்பிய கைதிகளை இந்தத் தாவீது விடுவித்து அந்தியோக்கியாவில் சேர்த்தானாம், அவர்களும் வந்து சொன்னார்கள். ஜாக் இதைப் பாப்பரசருக்கும் ஆஸ்திரியக் கோமகனுக்கும் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பிவைத்தார். நம் பழைய மாணவர் வாட்ஸாப் குழுவில் நெட்டையன் போடுகிற ஃபார்வர்டு போலத்தான். ஒரு வித்தியாசம் உண்டு, நெட்டையனை யாரும் நம்பமாட்டார்கள். இவரை எல்லோரும் நம்பினார்கள்.

செய்தியில் உண்மை இருந்தது என்பதுதான் கொடுமை. கிழக்கில் ஒருவன் நிஜமாகவே மத்திய ஆசியாவின் குவாரஸ்ம் என்ற முஸ்லிம் ராஜ்யத்தைத் தவிடுபொடியாக்கிக்கொண்டிருந்தான். அவன் பெயர் செங்கிஸ் கான்.

அந்த ஜூலையில் படை டாமியெட்டாவை விட்டுத் தெற்கே நகர்ந்தது. தாவீது வந்து சேர்ந்துவிடுவான் என்ற நம்பிக்கையும் அந்தத் துணிச்சலில் ஒரு பங்கு. ஆகஸ்டில் நைல் பெருகும் என்பது எகிப்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். அல்-காமில் மதகுகளைத் திறந்துவிட்டான். சேற்றில் மாட்டிய படை சரணடைந்தது, செப்டம்பரில் டாமியெட்டாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு கிளம்பியது. முன்னே வலிய வந்த ஜெருசலேம் கைக்கு வரவேயில்லை.

என் பிரச்சினை இதுதான். ஜாக் பொய் சொல்லவில்லை. பணத்துக்காகவும் எழுதவில்லை. பக்கத்துத் தெருவில் எந்தக் குரு எந்த வீட்டை யாருக்கு வாடகைக்கு விட்டார் என்பதுவரை தெரிந்தவர், தன் சொந்தச் சபையைக்கூட நம்பாதவர், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து மிளகு வியாபாரி கொண்டுவந்ததை அப்படியே விழுங்கிவிட்டார். நீ சொன்ன வசூல் நோட்டீசாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு கேடு வந்திருக்காது. காசு கேட்கிறவனை ஜனங்களும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இங்கே சந்தேகப்பட யாருக்குமே தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்குமா? எனக்குத் தோன்றியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த மனுஷன் பின்னால் அக்கோவைத் துறந்து கார்டினலாகி 1240-இல் இறந்தார். ஒய்ஞியில், அந்த அம்மாள் வாழ்ந்த இடத்திலேயே அடக்கம்.

1229-ஐ ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. அதே அல்-காமிலிடமிருந்து, சண்டையே இல்லாமல், உடன்படிக்கை போட்டு ஜெருசலேமை வாங்கியவன் இரண்டாம் பிரெடரிக், பாப்பரசர் சபைநீக்கம் செய்த பேரரசன். அவன் இங்கிலாந்து மன்னனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரே ஆனந்தக் கூத்து. ஜெருசலேம் பேட்ரியார்க் கெரால்டு எழுதிய கடிதத்தில் ஒரே சாபம். கோயில் வளாகத்தை முஸ்லிம்களிடமே விட்டான், சுல்தான் அனுப்பிய பாட்டுக்காரிகளோடு குலாவினான் என்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் நம் ஹாஸ்டல் தேர்தல் ஞாபகம் வரும். வார்டன் பக்கம் யார் நின்றார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், ஆனால் நீ முதலில் பதில் போடவேண்டும். அந்தக் குழந்தைகள் விஷயத்தில் நீ என்ன நினைக்கிறாய் என்று கட்டாயம் எழுது, சும்மா கிண்டல் செய்து நழுவாதே. தங்கச்சிக்கு என் விசாரிப்பு சொல். பொங்கலுக்கு வருவதாயிருந்தால் நெட்டையனுக்கு முன்கூட்டியே தெரியவேண்டாம்.

உன்,
கட்டையன்