இரட்டை இறக்கை விமான மாதிரி: கம்பிகளைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பழைய இரட்டை இறக்கை விமானங்களின் மாதிரிகளைச் சிறிய அளவில் செய்வது பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். பொறுமையைக் கேட்கும் இந்தக் கைவேலைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், இறக்கைகளை ஒட்டி வண்ணமும் பூசி முடித்த பின், விருப்பமிருந்தால் இறக்கைகளுக்கு இடையே குறுக்காகச் செல்லும் கம்பிகளுக்குப் பதில் தையல் நூலைக் கட்டிக்கொள்ளலாம் என்று அதில் இருந்த ஒரு வரி, புதிதாகத் தொடங்குபவர்களின் பல வார உழைப்பைக் கெடுத்துவிடக்கூடியது என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தக் கம்பிகள் விருப்பத்துக்கு விட்டுவிடக்கூடியவை அல்ல. மெல்லிய மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய இறக்கைகள் தனியாக நின்று சுமை தாங்கக்கூடியவையாக இருக்கவில்லை. மேலிறக்கை, கீழிறக்கை, இடையிலுள்ள தூண்கள், குறுக்கே செல்லும் கம்பிகள் ஆகிய நான்கும் சேர்ந்தே ஒரு பாலத்தைப் போலச் சுமையைத் தாங்கின. பாலத்தை இங்கே உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. ரயில் பாலங்களைக் கட்டிய பொறியாளர் ஆக்டேவ் சானூட், பாலச் சட்டங்களின் அமைப்பையே 1896-இல் இயந்திரமின்றிக் காற்றில் மிதந்து செல்லும் தம் இரட்டை இறக்கை விமானத்தில் பயன்படுத்தினார். 1903 டிசம்பர் 17 அன்று பறந்த ரைட் சகோதரர்களின் விமானமும் அதே வழியில் கம்பிகளால் பிணைக்கப்பட்டதுதான்.

விமானத்தை முன்னால் நின்று பார்த்தால் இறக்கைகளுக்கு இடையே பெருக்கல் குறிபோல் இரண்டு சாய்வுகள் தெரியும். உடலின் அடிப்பகுதியிலிருந்து வெளிப்புறமாக மேலிறக்கைக்கு ஏறும் கம்பிகள் பறக்கும்போது வேலை செய்பவை. காற்று இறக்கைகளை மேலே தூக்க, இவை அவற்றை உடலோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மேலிறக்கையின் நடுப்பகுதியிலிருந்து வெளிப்புறமாகக் கீழிறக்கைக்கு இறங்கும் கம்பிகளோ, விமானம் தரையில் நிற்கும்போது இறக்கைகளின் எடையைத் தாங்குபவை. கம்பியால் இழுக்க முடியுமே தவிரத் தள்ள முடியாது என்பதால்தான் இரண்டு திசைகளிலும் கம்பி தேவைப்பட்டது. பறக்கும்போது, குறிப்பாக விமானம் வேகமாகத் திரும்பும்போது, சுமை பல மடங்காகும் என்பதால் முதல் வகைக் கம்பிகள் பல விமானங்களில் இரட்டையாக இருந்தன. இதை அறிந்து கட்டுபவருக்கு எந்தக் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயமாகவே இருக்காது.

அடுத்து, தையல் நூல். 1/72 அளவில் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நூலைக் கட்டினால், உண்மையான விமானத்தில் அது 14 மில்லிமீட்டருக்கும் மேல் தடித்த கயிறாக இருக்கும். போதாததற்கு நூலில் பிசிறு தெரியும், அதில் தூசியும் ஒட்டும். 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவான தூண்டில் நரம்போ, இதற்கென்றே விற்கப்படும், இழுத்தால் நீளும் நெகிழிழையோதான் இந்த அளவுக்குப் பொருந்தும்.

வரிசையைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதல் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர் விமானமான சாப்வித் கேமலின் என் முதல் மாதிரியில் இரு இறக்கைகளையும் ஒட்டிய பிறகுதான் கம்பி கட்ட உட்கார்ந்தேன். இறக்கைகளுக்கு இடையே துளைப்பானை நேராகப் பிடிக்கவே இடமில்லை. இடுக்கியிலிருந்து நழுவிய நரம்பு, நுனியிலிருந்த சூப்பர் க்ளூவோடு வண்ணம் பூசிய இறக்கையின் மேல் விழுந்து ஒட்டிக்கொண்டது. அதைவிட மோசம், கடைசிக் கம்பியை விறைப்பாக இழுத்ததும் முதலில் கட்டிய இரண்டும் தொய்ந்துபோனதுதான். கொடிக்கயிற்றை ஒரு பக்கம் அளவுக்கு மீறி இழுத்துக் கட்டினால் கம்பம் சாய்வதைப் போல, மேலிறக்கை ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்கும்போது இரண்டு தூண்கள் முறிந்தன.

அதன்பின் நான் கடைப்பிடிக்கும் முறை இது. பாகங்கள் தனித்தனியாக இருக்கும்போதே 0.3 மில்லிமீட்டர் துளைப்பானைக் கையால் சுழற்றி, கம்பி செல்லும் சாய்விலேயே துளையிடுகிறேன். மேலிறக்கையில் பாதி ஆழம் வரையும், கீழிறக்கையில் மறுபக்கம் வரையும். வண்ணமும் சின்னங்களும் முடிந்த பின், மேலிறக்கையின் துளைகளில் நரம்புகளை ஒட்டித் தொங்கவிட்டு, அதற்குப் பிறகே இறக்கையைப் பொருத்துகிறேன். ஒரு நாள் முழுவதும் காயவிட்ட பின் நரம்புகளைக் கீழிறக்கைத் துளைகளில் நுழைத்து, முனையில் ஒரு துணிக் கிளிப்பைத் தொங்கவிட்டால், அதன் எடையே தேவையான விறைப்பைத் தந்துவிடும். கைக்கு அங்கே வேலையில்லை. உடலுக்கு அருகிலிருந்து தொடங்கி, இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டுவது அவசியம். பசை இறுகியதும் மிச்சத்தை வெட்டி, துளைகளை அடைத்துத் தேய்த்து, அடிப்புறத்துக்கு மட்டும் மீண்டும் வண்ணம் தொட்டுவிடலாம். இத்தனை துளைகள் சலிப்பூட்டினால் நெகிழிழையைப் பயன்படுத்தலாம். அது இறக்கையை இழுத்துத் திருகாது. தவறுதலாகக் கைபட்டாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

கம்பியே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் நேர்மையான ஒரு வழி உண்டு. 1918-இல் களமிறங்கிய ஜெர்மானியப் போர் விமானமான ஃபோக்கர் டி.7-இன் இறக்கைகள் தடித்தவை. உள்ளேயிருந்த விட்டங்களே சுமையைத் தாங்கியதால் அவற்றுக்கிடையே குறுக்குக் கம்பிகள் இல்லை. தொடக்கக்காரர் அதைத் தேர்ந்தெடுக்கட்டும். கேமலைச் செய்து கம்பிகளை விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கட்டுரையுடன் வந்த கேமல் படத்திலும் ஒரு பிழை உண்டு. இரு இறக்கைகளும் இணையாக வரையப்பட்டிருந்தன. உண்மையில் கேமலின் மேலிறக்கை தட்டையானது. கீழிறக்கை மட்டும் நுனியை நோக்கி 5 பாகை உயரும். ஆகவே முன்னாலிருந்து பார்க்கும்போது இடைவெளி நுனியில் குறுக வேண்டும். படத்தை நம்பி இறக்கைகளை இணையாக வைத்தால் தூண்களின் நீளமும் பொருந்தாது, கம்பிகளின் சாய்வும் பொருந்தாது.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவரும்போது, இந்தப் படத்தைத் திருத்தி, பறக்கும்போது சுமை தாங்கும் கம்பிகளை ஒரு நிறத்திலும் தரையில் தாங்குபவற்றை வேறு நிறத்திலும் காட்டும் முன்தோற்ற வரைபடம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்