கொசுவுக்கு ஒரு தமிழ், மனுஷிக்கு ஒரு தமிழா?

தமிழில் சுகாதாரத் துண்டறிக்கைகள் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரில் ஈசூன்வாசி. உங்கள் துண்டறிக்கைகளை வீசிவிடாமல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் சிலரில் ஒருத்தி. அந்த உரிமையில் கேட்கிறேன். ‘பாலியல் தொடர்பு’ என்ற ஒரு சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள். எதனால் கரு உண்டாகும், எதனால் உண்டாகாது என்பதை விளங்கும் தமிழில் எழுதுங்கள்.

எங்கள் புளோக்கில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் இருக்கிறாள். 28 வயது. பெயர் வேண்டாம். ஊரில் நிச்சயம் செய்த பையனும் இங்கேதான் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தித்தார்கள். கட்டிப்பிடித்தார்கள், அதற்கு மேலும் கொஞ்சம். ஆனால் இருவர் உடையும் உடம்பில்தான் இருந்தது, உறவு நடக்கவில்லை. அந்த வாரமே உங்கள் துண்டறிக்கை ஒன்று அவள் கைக்கு வந்தது. பாலியல் தொடர்பால் கர்ப்பம் உண்டாகலாம், ஒரே ஒரு முறையே போதும் என்ற பொருளில் எழுதியிருந்தது. நடந்தது அதுதான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

இல்லப் பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பமும் பார்ப்பார்கள் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. கர்ப்பம் என்று தெரிந்தால் இங்கே வேலை செய்யும் பர்மிட் என்ன ஆகும் என்பதும்தான்.

கரு கலையும் என்று நம்பிப் பப்பாளியும் எள்ளுருண்டையுமாகத் தின்றாள். சோற்றைத் தொடவில்லை, தூங்கவில்லை. மாதாமாதம் ஒழுங்காக வருவது தள்ளிப்போனது. பயமும் பட்டினியுமே அதைத் தள்ளிப்போடும் என்று யார் அவளுக்குச் சொல்வது? நான்காம் நாளே ஒரு டெஸ்ட் கிட் வாங்கியிருக்கிறாள். அதற்குள் பார்த்து ஒன்றும் தெரியாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உள்ளே இருந்த தாளில் தமிழ் இல்லை. ஒரு கோடு வந்திருக்கிறது, ‘இல்லை’ என்பதற்கான கோடு. ஒரு கோடு என்றால் ஒரு பிள்ளையாக்கும் என்று நினைத்தாளாம். இதை என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனேன்.

24ஆம் நாள் அவளை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பொறுமையான டாக்டரம்மா. ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: யோனி வாயில் விந்து பட்டதா? நான் அதைத் தமிழில் கேட்க வேண்டும். இரண்டு பெற்றவள் நான், எனக்கு வாய் வரவில்லை.

“அங்கே ஏதாவது பட்டுச்சாம்மா?”

“எங்கேக்கா?”

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் காகிதத்தில் படம் வரைந்துதான் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். மூன்று வாரம் தாண்டிவிட்டதால் இன்றைய முடிவை நம்பலாம் என்று சொல்லிப் பரிசோதித்தார். கர்ப்பம் இல்லை. அழுதாள். உடம்பில் இருக்கும் ஓர் இடத்தின் பெயர் தெரியாமல் 24 நாள் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாள்.

என் வாய் வராததற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அச்சிட்ட தாளுக்கு என்ன கூச்சம்? டெங்கி பற்றி எழுதும்போது கொசு எங்கே முட்டையிடும், எவ்வளவு தண்ணீர் போதும், பூந்தொட்டித் தட்டை எப்படிக் கவிழ்க்க வேண்டும் என்று படத்தோடு விளக்குகிறீர்கள். கொசு பெருகும் விதம் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். மனிதர் பெருகும் விதம் மட்டும் இலைமறை காய். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ‘அபாயம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதத் தெரிகிற ஊர் இது.

எழுத ஆள் இல்லை என்றால் நானே எழுதித் தருகிறேன். விந்தணு யோனிக்குள் போனால்தான் கரு உண்டாகும். முத்தத்தால், கட்டிப்பிடிப்பதால், வாய்வழி உறவால் உண்டாகாது. கழிப்பறை இருக்கையாலும் நீச்சல்குளத்தாலும் உண்டாகாது. உடையைத் தாண்டி விந்தணு நீந்திப் போகாது, வெளியே காய்ந்தால் செத்துவிடும். ஆனால் உடையில்லாமல் யோனி வாயில் விந்து பட்டாலோ, ஈரம் காயாத விரலோடு உள்ளே போனாலோ வாய்ப்புக் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. விந்து வருமுன் கசியும் நீரிலும் சிலருக்கு விந்தணு இருக்கும். உள்ளே போய்விட்டால் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். சந்தேகம் இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அவசர கருத்தடை மாத்திரைக்கு இங்கே டாக்டர் சீட்டு வேண்டும். ஒரு வகையை 72 மணி நேரத்துக்குள், இன்னொரு வகையை 120 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாள் தள்ளிப்போன பிறகு, அல்லது 21 நாள் கழித்துப் பரிசோதிக்கலாம்.

முடிந்தது. ஒரு பக்கம்கூட வரவில்லை.

இதிலேயே இன்னொன்று. ஆங்கிலத்தில் எழுதி முடித்து, கடைசி நாளில் யாரிடமோ கொடுத்துத் தமிழாக்கி, படித்துப் பார்க்க ஆளில்லாமல் அச்சுக்கு அனுப்புவதை எப்போது நிறுத்துவீர்கள்? ஒரு தாளில் வாக்கியம் பாதியில் நிற்கிறது, இன்னொன்றில் காற்புள்ளிதான் முற்றுப்புள்ளி. தமிழும் இருக்கிறது என்று காட்டினால் போதும் என்றால், வெள்ளைத்தாளில் ஒரு கோலம் போட்டே கொடுத்துவிடலாமே.

சரி, கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது அந்த ஒன்றுதான். எதனால் உண்டாகும், எதனால் உண்டாகாது: இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் அவளைப் போன்ற நான்கு பெண்களிடம் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள். தயவுசெய்து படமும் போடுங்கள், ‘எங்கே’ என்று தெரியும்படி. டெஸ்ட் கிட்டில் ஒரு கோட்டுக்கு என்ன அர்த்தம், இரண்டு கோட்டுக்கு என்ன அர்த்தம் என்பதும் ஓரமாக இருக்கட்டும்.

டாக்டரம்மா வரைந்த படம் என் கைப்பையில்தான் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன்வாசி ஒருத்தி