‘ஏகமனதாக’ என்று எழுதுவதற்கு முன்

கிராம ஊராட்சித் தலைவர்களுக்கும், தலைவர் இல்லாத இடங்களில் பொறுப்பு வகிக்கும் தனி அலுவலர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், ஊராட்சிச் செயலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அடுத்த கிராம சபைக்கு நீங்கள் அறிவிப்பு ஒட்டுவதற்கு முன்பே இது உங்கள் கைக்கு வரவேண்டும் என்றுதான் எழுதுகிறோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை ஊர் கூடுகிறது. பேச்சுக்குப் பஞ்சமில்லை. பேசியது தீர்மானப் புத்தகத்தில் எப்படி ஏறுகிறது என்பதில்தான் எங்களுக்குக் குறை.

புத்தகத்தைப் புரட்டினால் இப்படி ஒரு வரி கண்ணில் படும்: “3-வது வார்டு பொதுமக்கள் கோரிக்கையை ஏற்று வடிகால் வசதி செய்து தர ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” எந்தத் தெரு? எவ்வளவு நீளம்? தண்ணீர் எங்கே போய்ச் சேரும்? ஒன்றும் இல்லை. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர் எஸ்டிமேட் போட முடியாது. இருக்கிற பணத்துக்கு எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் போட்டுவிடுவார். வடிகால் ஓரிடத்தில் முடியும். முடிந்த இடத்து வீட்டுக்காரர் வாசலில் குளம் கட்டும். அடுத்த கிராம சபையில் அவர் எழுந்து சண்டை போடுவார். மறுபடியும் ‘வடிகால் வசதி செய்து தர’ ஒரு தீர்மானம் ஏறும்.

அதே கோரிக்கையை இப்படி எழுதிப் பாருங்கள்: “3-வது வார்டு மேற்குத் தெருவில், மேல்நிலைத் தொட்டி முதல் கீழ்புற ஓடைப் புறம்போக்கு வரை 140 மீட்டர் நீளத்துக்குத் தெருவின் வடபுறம் மூடியுள்ள வடிகால் அமைக்க வேண்டும். முடிவில் வண்டல் தொட்டியும் உறிஞ்சுக் குழியும் வேண்டும். கழிவுநீர் நேராக ஓடையில் விழக் கூடாது. வடிகால் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வீட்டுப் படிக்கட்டுகளை உள்ளே இழுத்துக் கட்ட அந்த வீட்டார் சபையில் சம்மதித்தனர். மாதம் ஒருமுறை தூய்மைக் காவலர்கள் வண்டல் அள்ளுவார்கள். வார்டு உறுப்பினர் பார்த்துக் கையெழுத்திடுவார்.” இரண்டாவதில் ஏழெட்டு வரிகள் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அந்த வரிகளை எழுத வேண்டுமென்றால் கூட்டத்துக்கு முன்பே நாலு பேர் அந்தத் தெருவில் டேப்போடு நடந்திருக்க வேண்டும். நாங்கள் கேட்பது அந்த நடையைத்தான்.

நீளம் அளந்தால் மட்டும் போதாது, மட்டமும் பார்க்க வேண்டும். திறந்த வடிகாலோ மூடிய வடிகாலோ, 200-க்கு 1 என்ற சரிவாவது வேண்டும். அதாவது ஒரு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர். 140 மீட்டருக்கு 70 சென்டிமீட்டர் இறக்கம் கிடைக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் 15 மீட்டர் கண்ணாடி டியூப் போதும். டியூபில் தண்ணீர் நிரப்பி, முதலில் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே எங்கோ காற்றுக் குமிழி இருக்கிறது, தட்டி வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள். பிறகு முனைகளை 10 மீட்டர் இடைவெளியில் பிடித்து, தண்ணீர் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று இரு முனையிலும் 14 தடவை அளந்து குறித்தால் தெருவின் மேடு பள்ளம் முழுக்கத் தாளில் வந்துவிடும். கட்டைவிரலால் முனையை மூடிக்கொண்டு நடப்பவர், அளக்கும்போது விரலை எடுக்க மறந்தால் அந்த அளவு பொய். இறக்கம் 70-க்குப் பதில் 30 சென்டிமீட்டர்தான் வருகிறதென்றால், தெருவின் கடைசியில் வடிகாலை இன்னும் ஆழமாக்க வேண்டும், அல்லது தண்ணீரை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கம் விட வேண்டும். அதைப் பணம் வந்த பிறகு கண்டுபிடிப்பதற்கும் முன்பே கண்டுபிடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது உங்களுக்கே தெரியும்.

சிமெண்ட் சாலையிலும் கோளாறு மட்டத்தில்தான். பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே 15 சென்டிமீட்டர் போட்டுக்கொண்டே போனால், இரண்டாவது முறையில் தெரு வாசற்படிக்கு மேலே ஏறிவிடும். மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள். “பழைய தளத்தைப் பெயர்த்தெடுத்து, முடிந்த மட்டம் இப்போதைய மட்டத்தைத் தாண்டாமல்” என்ற ஒரு சொற்றொடரைத் தீர்மானத்தில் சேருங்கள். கனத்தைச் சரிபார்க்கும் வழியும் எளிது. ஓரத்தில் டேப் வைத்து 15 சென்டிமீட்டர் என்று காட்டுவார்கள்; நடுவில் அடிமண் மேடாக இருந்தால் 10-தான் இருக்கும். கான்கிரீட் கொட்டுவதற்கு முன், இரு ஓரத்துப் பலகைகளுக்கும் குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து கீழே டேப்பை இறக்கிப் பாருங்கள். கொட்டி முடிந்த பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டிய 14 நாட்களும் யார் தண்ணீர் விடுவார் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். மூன்றாம் நாளே டிராக்டரை விடச் சொல்லி ஊரே நெருக்கும். மேற்பரப்பு புழுதியாக உதிர்வது அப்படித்தான் தொடங்குகிறது.

இப்போது குடிநீர். கிராம சபையில் அதிகம் எழும் கோரிக்கை எது என்று கேட்டால் நாங்கள் தயங்காமல் சொல்வோம்: புதிய ஆழ்துளைக் கிணறு. பல இடங்களில் அது தேவையே இல்லாத கோரிக்கை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். 120 வீடுகளுக்கு 26,400 லிட்டர். ஊரில் 30,000 லிட்டர் தொட்டி நிற்கிறது; நாளுக்கு ஒருமுறை நிறைந்தாலே போதும். பிறகு ஏன் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை?

ஒரு 10 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு போங்கள். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் வாளி 40 வினாடியில் நிறையும் என்று வைத்துக்கொள்வோம்; மணிக்கு 900 லிட்டர். கடைசி வீட்டில் அதே வாளிக்கு 5 நிமிடம். மணிக்கு 120 லிட்டர்தான். ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் முன்னவருக்கு நாலு மடங்கு, பின்னவருக்குப் பாதி. தண்ணீர் இருக்கிறது, பங்குதான் கோணல். காரணமும் கண்ணுக்குத் தெரியும்: முன்வீடுகளில் குழி தோண்டிக் குழாயை மட்டத்துக்குக் கீழே இறக்கியிருப்பார்கள், அல்லது இணைப்பிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, கசிகிற மூட்டு வழியே சாக்கடைத் தண்ணீரும் உள்ளே போகும். எனவே இது பக்கத்து வீட்டுச் சண்டை மட்டுமல்ல, வயிற்றுப்போக்கு விவகாரமும்கூட. தீர்வு பெரும்பாலும் இரண்டு கேட் வால்வு: ஊரை இரண்டாகப் பிரித்து, கடைசிப் பாதிக்கு முதலில் திறப்பது. வாய்க்காலில் கடைமடைக்கு முறை வைத்த ஊர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு என்று மூன்று இடத்து வாளிக் கணக்கைத் தீர்மானத்தில் எழுதுங்கள். வால்வு போட்ட பிறகு மறுபடி அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள்.

தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1,000 லிட்டருக்கு 4 முதல் 5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்றால் 30,000 லிட்டருக்கு 120 முதல் 150 கிராம். இந்தக் கணக்கு நல்ல பவுடருக்கு. மூட்டையைத் திறந்து வைத்து இரண்டு மாதம் ஆன பவுடரில் குளோரின் பறந்து போயிருக்கும்; அளவு சரியாக இருந்தும் பலன் இருக்காது. அதனால் போட்ட அளவைப் பதிவேட்டில் எழுதி வைப்பது எதையும் நிரூபிக்காது. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று சோதனைப் பெட்டியால் பார்த்து, அந்த எண்ணை எழுத வேண்டும். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டாமல், பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறப்பது டேங்க் ஆபரேட்டருக்குத் தெரிந்ததே. அவரைக் கிராம சபையில் பதிவேட்டோடு பேசச் சொல்லுங்கள். ஊரில் யாரும் அவரைக் கேள்வி கேட்பதில்லை. அவருக்கு என்ன குறை என்றும் கேட்பதில்லை.

கழிவுநீரை மண்ணுக்குள் இறங்கவிடக் கல் அடுக்கிய உறிஞ்சுக் குழி, இலக்கு வைத்துத் தோண்டப்படும் பொருளாகிவிட்டது. ஒரு வீட்டுக்கு 220 லிட்டர் வந்தால் சுமார் 170 லிட்டர் கழிவுநீராகத் திரும்பும். ஒரு மீட்டர் நீள அகல ஆழமுள்ள குழிக்கு நான்கு பக்கச் சுவர் சேர்ந்து 4 சதுர மீட்டர். அடிப்பக்கம் சீக்கிரமே சேறு கட்டிவிடும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆக, ஒரு சதுர மீட்டர் மண் நாளுக்கு 42 லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும். மணற்பாங்கான மண் குடிக்கும். கரிசலும் களியும் அதில் கால்வாசிகூடக் குடிப்பது சிரமம். அங்கே குழி வெட்டுவது கொசுவுக்கு வீடு கட்டுவதுதான்; வாழை, கல்வாழை வைத்த பாத்தியோ பொது வடிகாலோதான் சரிப்படும். மண் எப்படி என்று தெரிய ஓரடிக் குழியில் மாலையில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, காலையில் மறுபடி ஊற்றி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்தால் போதும். நல்ல மண்ணிலும் குழி ஆறு மாதத்தில் நிரம்பி வழிந்தால், முன்னால் வண்டல் தொட்டி இல்லாததுதான் காரணம். சோப்பும் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் நேரே கல்லிடுக்கில் போய் அடைத்திருக்கும். கல்லை வெளியே எடுத்துக் கழுவி, காயவைத்து மறுபடி அடுக்கினால் சரியாகும். அதைச் செய்வது வீட்டாரா ஊராட்சியா என்பது தோண்டும் முன்பே பேச வேண்டியது.

கூட்டம் நடத்தும் விதத்துக்கு வருவோம். ஏழு நாள் முன்னறிவிப்பும், குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பும் விதியில் இருக்கின்றன: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணைத் தொட வேண்டும் என்பதற்காகவே நோட்டு வீடு வீடாகப் போகிறது. கையெழுத்துக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறது. தீர்மானம் பிறகு நிரப்பப்படுகிறது. இதை நிறுத்தக் கடினமில்லை. கூட்டத்திலேயே எழுதி, உரக்க வாசித்து, கடைசி வரிக்குக் கீழே மிஞ்சும் இடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வந்தவர்கள் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

‘ஏகமனதாக’ என்ற சொல்லை அது உண்மையாக இருக்கும்போது மட்டும் எழுதுங்கள். 14 பேர் எதிர்த்தார்கள், மழைநீர் தங்கள் காட்டுக்குள் இறங்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம் என்று எழுதினால் தீர்மானம் பலவீனமாகாது. எஸ்டிமேட் போடுகிறவருக்கு அங்கே ஒரு மதகு வேண்டும் என்று அந்த வரிதான் சொல்லித் தரும். எண்ணிக்கையில் எப்போதும் தோற்கிற குக்கிராமம் ஒன்று ஒவ்வோர் ஊராட்சியிலும் உண்டு. 300 வீட்டுத் தாய்க்கிராமத்தோடு 40 வீட்டுக் காலனி கைதூக்கிப் போட்டியிட முடியாது. கூட்டத்தைக் குக்கிராமங்களில் மாற்றி மாற்றி நடத்துங்கள். வேலைகளுக்கும் அதேபோல் முறை வையுங்கள். முறையை அலுவலகச் சுவரில் எழுதிப் போடுங்கள்.

குடவோலையைப் பற்றிப் பேசாத தொடக்க உரை அபூர்வம். உத்திரமேரூர்ச் சபை நிலமும் கல்வியும் உள்ள சிலருக்கானது. நம்முடையது வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாருக்குமானது. அந்த விஷயத்தில் நாம் மேல். ஆனால் குடவோலையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டே, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் பெயர் கொடுக்கக் கூடாது என்கிறது. மேடையில் இந்தப் பகுதி மட்டும் விடுபட்டுப் போகிறது.

கணக்கு என்றதும் ஒன்று. பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது, 40 விழுக்காடு கட்டற்றது. இது தெரியாததால்தான் தெருவிளக்குக்குப் பணம் இல்லை என்று சொன்னால் ஊர் சந்தேகப்படுகிறது. எந்த மானியம் வந்தாலும், எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று நாலு வரியில் பலகையில் எழுதிவிட்டுக் கூட்டத்தைத் தொடங்குங்கள். ‘இ-கிராம்ஸ்வராஜ்’ தளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டமும் செலவும் எல்லாரும் பார்க்கக் கிடக்கின்றன. இளைஞர்கள் அங்கே பார்த்துவிட்டு வந்து கேட்பதைவிட நீங்களே வாசித்துவிடுவது நல்லது.

அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக இதை வையுங்கள்: கடந்த கூட்டத்துத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது, எதிரே ‘முடிந்தது’, ‘நடக்கிறது’, ‘முடியவில்லை, காரணம் இது’ என்று எழுதுவது. வாழ்த்துரைக்கு முன்பே வையுங்கள். பிறகு வைத்தால் பாதிப் பேர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஊராட்சிப் பணிகளில் அளவும் கணக்கும் பார்க்கும் சிலர்