பணக்காரர்களுக்கு மட்டுமா சர்வதேசப் பாடத்திட்டம்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சர்வதேசப் பாடத்திட்டம் என்றாலே லட்சக்கணக்கில் கட்டணம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அத்தகைய பாடத்திட்டங்களில் ஒன்றான, ஐ.பி. எனப்படும் இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் 1968-இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்டது. நாடு விட்டு நாடு மாறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எங்கும் செல்லுபடியாகும் பள்ளியிறுதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. ஆனால் சிகாகோ நகரம் 1997-இலேயே இதைச் சாதாரண அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. ஈக்வடாரிலும் ஏராளமான அரசுப் பள்ளிகளில் இது நடக்கிறது. ஜப்பானில் சில பாடங்களை ஜப்பானிய மொழியிலேயே படித்துத் தேர்வெழுதலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது நீள்கட்டுரைதான். ஐ.பி.யின் பள்ளியிறுதிப் படிப்பான டிப்ளமோவைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் தானே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில் ஆராய்ந்து, 4,000 சொற்களுக்குள் எழுத வேண்டும். வழிகாட்ட ஓர் ஆசிரியர் இருப்பார், எழுதித் தரமாட்டார். மனப்பாடம் இங்கே கைகொடுக்காது.

சரி, ஐ.பி. கட்டணம் நமக்கு எட்டாது. இந்த ஒரு பழக்கத்தையாவது நம் அரசுப் பள்ளிகளின் பிளஸ் 1 வகுப்பில் கொண்டுவர என்ன தடை? நல்ல நூலகமும் வாரம் இரண்டு பாடவேளையும் ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம். கல்வித்துறை இதை வரும் கல்வியாண்டிலேயே சில பள்ளிகளில் செய்து பார்க்க வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்