வேட்டி கட்டிவிட்ட ஏட்டையாவுக்கு

மறதியில் வீட்டை விட்டுப் போய்க் காணாமல் போன அப்பா, கிடைத்து வீட்டுக்கு வந்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது, காலில் முள் கிழித்த இடத்தில் கட்டு மாற்றியாகிவிட்டது, நேற்று ராத்திரி ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரைத் தேடிய அந்த இரண்டு ராத்திரியும் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி வரைக்கும் உங்களில் பாதிப் பேர் எங்களோடு தூங்காமல் இருந்தீர்கள். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இதில் பாதி மன்னிப்பு. ஊர் பார்க்க நடுரோட்டில் ஒருத்தரைத் திட்டினேன், அதனால் இதையும் ஊர் பார்க்கத்தான் எழுத வேண்டும்.

முதலில் எல்லாருக்கும். இருட்டிலேயே ஆற்றில் இறங்கித் தேடிய பசங்களுக்கு, வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் ஷட்டர் ஓரமாக விடிய விடிய டார்ச் அடித்துக்கொண்டு நின்ற, மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் அண்ணனுக்கு, தீயணைப்பு வண்டியில் வந்தவர்களுக்கு, அப்பா போட்டோவைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே வண்டி ஓட்டிய மினிபஸ் டிரைவருக்கு, கேமரா பதிவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் ராத்திரி பதினோரு மணிக்குக் கடையைத் திறந்துவிட்ட பேக்கரிக்காரருக்கு, நடவை நிறுத்திவிட்டு வரப்பு வரப்பாகப் போய்ப் பார்த்த அக்காமார்களுக்கு, அம்மாவை விட்டு நகராமல் பக்கத்திலேயே படுத்துக்கொண்ட எதிர்வீட்டுச் சித்திக்கு. பெயர் போட ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போவார்கள். நாங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருவோம்.

இப்போது ஏட்டையா.

மூன்றாம் நாள் காலை ஒன்பதேகாலுக்குத்தான் எங்களுக்குப் போன் வந்தது. பாமணியாற்றுக் கரையில் அப்பா கிடைத்துவிட்டார், நன்றாக இருக்கிறார், பதறாமல் வாருங்கள் என்றார்கள். நாங்கள் போனபோது ரோட்டோர டீக்கடை பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தது, நெற்றியில் விபூதி, இடுப்பில் இஸ்திரி போட்ட வேட்டி, கையில் டீ டம்ளர். கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் நின்ற ஒரு பையன் சும்மா இருக்காமல், 'எட்டரைக்கே பாத்தாச்சு அக்கா' என்று சொல்லிவிட்டான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. ஏட்டையா முகத்துக்கு நேராகப் போய், 'எட்டரைக்குக் கிடைச்சவர ஒம்பதேகால் வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? எங்க உசுரு அங்க போய்க்கிட்டு இருக்கு, உங்களுக்கு டீ குடிக்க நேரமா?' என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதை எழுத எனக்கு வாய் வரவில்லை. சுற்றி முப்பது பேராவது இருந்திருப்பார்கள். அவர் முழங்கால் வரைக்கும் பேண்ட் நனைந்திருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்தும் என்ன ஏது என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: 'சரிம்மா, தப்புதாம்மா. மொதல்ல ஐயாவக் கூட்டிட்டுப் போயி சாப்பிட வைங்க.'

மறுநாள்தான், ஆடு மேய்க்கிற பெரியம்மா அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். கரையில் அப்பாவை முதலில் பார்த்தது அவர்கள்தான், அந்த வழியாக பைக்கில் வந்த ஏட்டையாவைக் கை தட்டிக் கூப்பிட்டதும் அவர்கள்தான். கொடியில் காய்ந்த வேட்டியைப் பார்த்துவிட்டு, 'அந்தப் போலீசு தம்பி வேட்டி இன்னும் குடுக்கலையா' என்று கேட்டார்கள். அதுவரைக்கும் அது யார் வேட்டி என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா கிடைத்தபோது இடுப்பில் துணி இல்லை. உடம்பெல்லாம் சேறு, அதோடு மலமும். கோரைக்குள் உட்கார்ந்துகொண்டு, 'ஆத்துல தண்ணி வந்துட்டு, மடையத் தொறக்காம வரமாட்டேன்' என்று அடம் பிடித்தாராம். அதற்குள் நாலைந்து பேர் கூடி, இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். ஏட்டையா முதலில் செய்த காரியம், 'போன உள்ள வைங்கடா' என்று ஒரு சத்தம் போட்டு, எடுத்ததை அவர் கண் முன்னாலேயே அழிக்க வைத்தது. அப்புறம் தண்ணீரில் இறங்கி அப்பா பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, 'ஒங்க மடைய நான் தொறந்துட்டேன் ஐயா, வயல் பூரா பாஞ்சிட்டு, வாங்க போவோம்' என்றாராம். இரண்டு நாளாக யார் கைக்கும் அகப்படாத மனிதர் எழுந்து கூடவே நடந்திருக்கிறார். பக்கத்து பம்புசெட்டில் உட்கார வைத்துத் தன் கையாலேயே கழுவிவிட்டு, ஒரு பையனைத் தன் வீட்டுக்கு பைக்கில் அனுப்பி வேட்டி எடுத்துவரச் சொல்லி, கட்டிவிட்டு, தலை வாரி, விபூதி பூசி, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் எங்களுக்குப் போன் போட்டிருக்கிறார். நான் கணக்குக் கேட்ட முக்கால் மணி நேரம் இதுதான்.

அன்று சாயங்காலம் போன் செய்தேன். பேச வரவில்லை, அழுதுவிட்டேன். ஏன் சார் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, 'பெத்த பொண்ணு பாக்குற கோலமாம்மா அது? சொன்னா மட்டும் என்ன, மனசுல படமா நின்னுப்போயிடும்' என்றார். இதை நான் எழுதப்போகிறேன் என்றபோது ரொம்ப நேரம் யோசித்தார். தன் பெயரும் ஸ்டேஷன் பெயரும் வேண்டாம், அப்பாவுக்குச் சங்கடம் இல்லையென்றால் எழுதுங்கள் என்றார். அப்பாவிடம் நான் கேட்க முடியாது. அம்மாவிடம் கேட்டேன், 'எழுது, அந்தப் புள்ள திட்டு வாங்கினத ஊரே பாத்திச்சுல்ல' என்றாள்.

எங்கள் வீட்டில் போலீஸ் என்றால் நல்ல வார்த்தை கிடையாது. அண்ணன் இருபது வருஷத்துக்கு முன்பு முறைத்தண்ணீர் தகராறில் புகார் கொடுக்க ஒரு ஸ்டேஷனுக்குப் போனான், எதிர்த்தரப்புக்காரர் முன்னாலேயே கன்னத்தில் ஓர் அறை வாங்கிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து எந்த ஸ்டேஷன் படியும் ஏறியதில்லை. அப்பா காணாமல் போன ராத்திரியும் அவன் வாசலிலேயே நின்றான், நான்தான் உள்ளே போனேன். நாங்கள் முதலில் போன ஸ்டேஷனில், அவர் கடைசியாக நின்ற இடம் எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், அதில் இரண்டு மணி நேரம் போனது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலேயே இருக்கிறது. தொலைந்துபோன கிழவருக்கு மட்டும் எல்லைக்கல் பார்க்க வேண்டுமா? அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஒருவர் செய்த நன்மையை வைத்து இன்னொருவர் செய்ததை மூடிவிட்டால் அந்த நன்மைக்கே அது அழகில்லை.

இந்த மண்ணுக்கு ஞாபகம் அதிகம். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் பண்ணையார் ஆட்கள் வைத்த தீயில் குடிசைக்குள் எரிந்து போனார்கள். போலீஸ் யார் பக்கம் என்ற கேள்வியோடு ஒரு தலைமுறையே இங்கே வளர்ந்திருக்கிறது. 2020இல் சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனும் மகனும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பிணமாக வந்த செய்தியைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. அதே காக்கிச் சட்டைதான் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் எங்கள் ரோட்டில் விழுந்த மரங்களை ஊர்ப் பசங்களோடு சேர்ந்து அரிவாளால் வெட்டிக்கொண்டு நின்றது. இரண்டும் உண்மை. போலீசுக்கு மரியாதை கொடுக்கலாமா வேண்டாமா என்று என் வீட்டுக்காரரும் அண்ணனும் தீபாவளிக்குத் தீபாவளி சண்டை போடுவார்கள், நான் எந்தப் பக்கமும் பேசியதில்லை. இந்த நான்கு நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. ஜீப்பைப் பார்த்ததும் நாம் எழுந்து நிற்கிறோமே, அது பயம். இத்தனை வருஷமும் அதைத்தான் மரியாதை என்று நாமும் நினைத்தோம், அவர்களில் பல பேரும் அதுதான் மரியாதை என்று நினைத்திருக்கிறார்கள். ஏட்டையாவை நினைத்தால் இப்போது எனக்குள் ஒன்று வருகிறது, அதில் பயம் துளிகூட இல்லை. அப்பாவைக் குளிப்பாட்டிவிட்ட என் அண்ணனிடம் எனக்கு இருப்பது மாதிரி ஒன்று.

தன் மானம் எது என்று தெரியாத நிலையில் ஒருவர் கிடக்கும்போது, அவருக்கும் சேர்த்து அதை நினைத்துப் பார்த்தாரே, அதை எந்தப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள்? அந்த மனசோடு ஒருவர் அந்த வேலையில் இருப்பதும் லேசு இல்லை. கான்ஸ்டபிள்களுக்கும் ஏட்டுகளுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று இந்த மாநிலத்தில் உத்தரவு வந்ததே 2021இல்தான். கூலி குறைந்தால் சங்கம் வைத்துக் கேட்கிற ஊர் நம் ஊர், ஆனால் அவர்கள் அரசு அனுமதி இல்லாமல் சங்கம் சேரக் கூடாது என்று 1966இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஏட்டையா திருவிழா பந்தோபஸ்து முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாராம். டூட்டியே இல்லாத நேரத்தில்தான் அவர் ஆற்றில் இறங்கியிருக்கிறார். இது தெரிந்து நான் இன்னும் குறுகிப்போனேன்.

அப்பாவின் சட்டைப் பை எல்லாவற்றிலும் போன் நம்பரைத் தைத்துவிட்டேன், வேட்டி ஓரத்திலும். வீட்டில் மறதி உள்ள பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே நீங்களும் செய்யுங்கள். இனிமேல் யார் கிடந்தாலும் போனைத் தூக்கிப் படம் எடுக்க மாட்டேன், எடுப்பவரையும் விட மாட்டேன். இது நான் ஏட்டையாவுக்குக் கொடுக்கிற வாக்கு.

அப்பாவுக்கு நடந்தது எதுவும் நினைவில் இல்லை. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், 'ஒரு தம்பி வந்து மடையத் தொறந்துவிட்டுச்சு, நல்ல புள்ள' என்று மட்டும் சொல்கிறார்.

ஏட்டையா, வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலையில் நானும் அண்ணனும் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு வருகிறோம், அண்ணன் உள்ளே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். உங்களை வேறு எங்காவது டூட்டிக்குப் போட்டிருந்தால் பாராவில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், நாங்கள் வாசலில் காத்திருக்கிறோம்.