எல்லாக் கூற்றுக்கும் அம்புக்குறி எதற்கு?

ஆசிரியருக்கு,

லாஜிக்கல் ரீசனிங் (தர்க்க அறிவு) வினாக்களில் தரப்படும் கூற்றுகள் அனைத்தையும், 'இது இருந்தால் அது இருக்கும்' என்று காட்டும் அம்புக்குறிப் படமாக வரையச் சொல்லிப் பழக்குகிறார்கள். நேரம் வீணாவது இருக்கட்டும். வரையக்கூடாததை வரைந்தால் அதில் இல்லாத பொருளும் வந்து ஒட்டிக்கொள்ளும். "புகை கூடியதால் இருமல் வந்தது" என்பது நடந்ததற்குக் காரணம் சொல்கிறது. அதற்கு அம்புக்குறி போட்டால், புகை கூடும்போதெல்லாம் இருமல் வரும் என்ற பொது விதியாகிவிடும்.

முதலில் வினாவைப் படிக்க வேண்டும். எது கட்டாயம் உண்மை, இதே அமைப்பில் உள்ள வாதம் எது என்று கேட்டால் பேனாவை எடுக்கலாம். வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்றால் பெரும்பாலும் தேவையிருக்காது.

அடுத்து, 'இப்படியானால் அப்படி' என்னும் நிபந்தனைக் கூற்றுகளை மட்டும் பொறுக்க வேண்டும். அதிலும், ஒரு கூற்றின் சொல் இன்னொரு கூற்றிலோ முடிவிலோ மறுபடி வந்தால்தான் சங்கிலி கோக்க முடியும். தனியாக நிற்பது மனதிலேயே இருக்கட்டும்.

தமிழ் வினாத்தாளில் பலர் சறுக்குவது 'தான்' என்னும் இரண்டெழுத்தில். "பயிற்சி முடித்தால் சான்றிதழ் கிடைக்கும்" என்றால் பயிற்சி → சான்றிதழ். "முடித்தால்தான் கிடைக்கும்" என்றால் சான்றிதழ் → பயிற்சி. அம்பு அப்படியே திரும்பிவிட்டது! பயிற்சி முடித்த எல்லோருக்கும் சான்றிதழ் உண்டு என்று இரண்டாவது கூற்று சொல்லவே இல்லை. "உறுப்பினர்கள் மட்டுமே நுழையலாம்", "கட்டணம் செலுத்தினாலொழிய அனுமதி இல்லை" ஆகியவையும் இதே ரகம்: நுழைந்தவர் → உறுப்பினர், அனுமதி → கட்டணம். இவற்றை மட்டும் தனியாக வந்தாலும் எழுதிவிடுவது நல்லது.

'சில' வந்தால் உடன் 'எல்லா' இருக்கிறதா என்று பாருங்கள். சில ஓவியர்கள் பாடகர்கள், எல்லாப் பாடகர்களும் ஆசிரியர்கள் எனில், சில ஓவியர்கள் ஆசிரியர்கள். இரண்டாவதும் 'சில பாடகர்கள்' என்றிருந்தால் எதுவும் கிடைக்காது, வரைவதே வீண். இரண்டு 'பெரும்பாலான' கூற்றுகள் ஒரே குழுவைப் பற்றியவையானால், இரண்டிலும் அடங்குபவர் ஒருவராவது நிச்சயம் இருப்பார்.

எதிர்மறை வடிவத்தை ஒவ்வொன்றுக்கும் எழுதிக் குவிக்க வேண்டாம். சங்கிலியில் கண்ணி பொருந்தாத இடத்தில் மட்டும் இரு பக்கத்தையும் மறுத்து, அம்பைத் திருப்பினால் போதும்: சான்றிதழ் → பயிற்சி என்பது, பயிற்சி இல்லை → சான்றிதழ் இல்லை என்றாகும்.

தங்கள் நாளிதழில் மாதிரி வினாக்களுக்கு விளக்கம் தரும்போது, எந்தக் கூற்றை வரையாமல் விட்டோம், ஏன் விட்டோம் என்பதையும் ஒரு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தேர்வுப் பயிற்றுநர் ஒருவர்